ராஜப்பாவின் மூன்று தட்டு

இது நடந்தது. கோலார் தங்கவயலில், பாலகாட்டிலிருந்து பங்காருப்பேட்டை போகிற ரோட்டில், போன தை மாதம் ஒரு வியாழக்கிழமை, காலை 5.31-க்கும் 6.10-க்கும் நடுவில். நிமிஷக் கணக்காகச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே மூடி வைத்துவிடலாம், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. டென்சில் என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன். அவனை நல்லவனாகக் காட்டுகிற எண்ணம் எனக்குக் கிடையாது. அவனுக்கே கிடையாது.

டென்சில் ஆட்டோ எலக்ட்ரீஷியன். ராபர்ட்சன்பேட்டையில் ஒற்றை ஷட்டர் கடை. வயரிங், பேட்டரி, ஹாரன் என்று போர்டில் எழுதியிருக்கும். எழுதாத வேலை ஒன்று உண்டு, கூட்டமெல்லாம் அதற்குத்தான். கவர்னர் கட்.

மஞ்சள் போர்டு வேன் என்றால் ஸ்பீட் கவர்னர் இருக்க வேண்டும். உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டி. இப்போதைய வண்டிகளில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் எந்தக் கேபிளும் இழுபடுவதில்லை. பெடலில் ஒரு சென்சார் இருக்கிறது. எவ்வளவு மிதிக்கிறோமோ அவ்வளவு வோல்ட் எஞ்சினின் கம்ப்யூட்டருக்குப் போகும். கவர்னர் அந்த வயருக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும். கியர்பாக்ஸிலிருந்து வரும் துடிப்புகளை எண்ணி வேகத்தைக் கணக்குப் போடும். எண்பதை நெருங்கியதும் வோல்ட்டைக் குறைத்துவிடும். கால் 'முழுசா' என்று சொல்லும், பெட்டி எஞ்சினிடம் 'பாதி' என்று சொல்லும். எஞ்சின் நம்புவது பெட்டியைத்தான். டிரைவர் பெடல் மேல் ஏறி நின்றாலும் எண்பதுக்கு மேல் போகாது.

வண்டித் தகுதிச் சான்றுக்காக எஃப்.சி. காட்டப் போகிற அன்று பெட்டி வேலை செய்ய வேண்டும். திரும்பி வந்ததும் வேலை செய்யக் கூடாது. எங்கள் ஊரில் இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. மற்ற மெக்கானிக்குகள் வயரை வெட்டுவார்கள், சீல் உடையும், மாட்டிக்கொள்வார்கள். டென்சில் கெட்டிக்காரன். வயர் கட்டுக்கு உள்ளே, விரல் நீளத்தில் ஒரு வயரைப் பாலம் மாதிரி வைப்பான். அவ்வளவுதான், பெடல் நேராக எஞ்சினோடு பேசும். சீல் அப்படியே இருக்கும். பச்சை விளக்கு எரியும். பெட்டி பாட்டுக்குத் துடிப்பை எண்ணும், வேகத்தை நேரத்தோடு தன் நினைவில் பதிந்து வைக்கும், வோல்ட்டையும் குறைக்கும். அது சொல்வதைக் கேட்கத்தான் ஆள் இருக்காது. "கடவுளே வந்து செக் பண்ணாலும் கண்டுபிடிக்க முடியாது" என்று பீற்றிக்கொள்வான். அந்தப் பெருமையில் இடி விழ.

மனோகர் என்று ஒரு வேன் முதலாளி. பெங்களூரு எல்லையில் இருக்கிற ஒரு கார்மெண்ட்ஸ் ஃபேக்டரிக்குத் தினமும் விடியற்காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும் வேன் அவருடையது. எட்டு மணிக்கு கேட் மூடிவிடுவார்கள். ஒரு நிமிஷம் தாமதமானாலும் உள்ளே விட மாட்டார்கள். அந்த வேனை ஓட்டியவர் ராஜப்பா. ஐம்பத்தேழு வயது.

சுரங்கம் மூடும்வரை ராஜப்பா நந்திதுர்க் ஷாஃப்டில் வைண்டிங் டிரைவர். அதாவது, ஆட்களையும் கல்லையும் சுமக்கிற கேஜை மேலே ஏற்றி இறக்குகிற எஞ்சினை ஓட்டியவர். அந்த வேலையில் ஒரு விசேஷம் உண்டு. டிரைவர் கேஜைக் கண்ணால் பார்க்கவே மாட்டார். அது எங்கேயோ பூமிக்கு அடியில் இருக்கும். டயலையும் மணிச் சத்தத்தையும் வேகம் மீறினால் எஞ்சினை நிறுத்துகிற கருவியையும் நம்பித்தான் ஆட்களை இறக்குவார். கேஜில் கல் என்றால் ஒரு வேகம், ஆள் என்றால் ஒரு வேகம். கீழே ஆள் ஏறினால் மூன்று மணி அடிப்பார்கள். மூன்று மணி கேட்டால் வைண்டிங் டிரைவரின் கை தானாக மெதுவாகிவிடும்.

வேனிலும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. கடைசிப் பெண் ஏறிக் கதவைச் சாத்தியதும், விரலில் இருந்த பித்தளை மோதிரத்தால் டேஷ்போர்டில் மூன்று தட்டு. டக், டக், டக். அப்புறம்தான் கியர் போடுவார்.

எஃப்.சி. முடிந்த மறுநாள் வேனின் ஸ்பீடோமீட்டர் முள் செத்துப்போனது. ராஜப்பா டென்சில் கடைக்கு வந்தார்.

"சாயங்காலம் வண்டிய உடுங்கண்ணே, சரி பண்ணித் தரேன்."

"ஆவட்டும், மெதுவாப் பாரு. கவர்னர்தான் கீதே. மிதிச்சுப் புடிச்சா எண்பதுல நிக்கப் போவுது. மீட்டர் இன்னாத்துக்கு?"

அன்று சாயங்காலம் வேன் கடையில் நின்றது. மீட்டருக்கு வேண்டிய பார்ட் கிடைக்கவில்லை. ஆனால் மனோகர் போன் பண்ணினார்.

"பாலத்தப் போட்டுடு. தினம் லேட்டு ஆவுது."

"ராஜப்பாண்ணனுக்கு?"

"அவருகிட்ட சொல்லாத. ஒத்துக்க மாட்டாரு."

டென்சில் பாலத்தைப் போட்டான். ராஜப்பாவிடம் சொல்லவில்லை. முள் செத்த வண்டி என்பது அவனுக்குத் தெரியும். அது தெரிந்தேதான் போட்டான்.

மறுநாள் வியாழக்கிழமை. கும்மென்று மூடுபனி. தைலமரத் தோப்பு இறக்கத்தில் ராஜப்பா வழக்கம்போல் பெடலை முழுக்க மிதித்துப் பிடித்திருக்கிறார், பெட்டி பார்த்துக்கொள்ளும் என்று. இருபது வருஷத்துக்கு மேல் வேன் ஓட்டியவருக்கு வேகம் தெரியாதா என்று கேட்பீர்கள். பக்கத்தில் மரம் தெரிந்தால்தானே வேகம் தெரியும்? கண்ணால் பார்க்காமல் கருவியை நம்பி ஆட்களை இறக்கியே பழகிய மனுஷன் அவர். 5.52-க்குத் திருப்பத்தில் வேன் உருண்டது. ராஜப்பா செத்தார். அவருக்குப் பின் சீட்டில் இருந்த பவ்யா செத்தாள். அவளுக்கு இருபத்து மூன்று வயது.

ரிப்போர்ட் வந்தது. பெட்டியின் நினைவை யாரும் படித்துப் பார்க்கவில்லை. கவர்னர் சீல் உடையவில்லை, பெட்டி நன்றாக வேலை செய்கிறது, வேன் எண்பதைத் தாண்டியிருக்க வாய்ப்பில்லை, ஆகவே ஓட்டுநர் உறங்கியிருக்கலாம். காகிதத்தில் 'உறங்கியிருக்கலாம்' என்று இருந்தது, மார்க்கெட் வருவதற்குள் 'குடித்திருந்தார்' என்று ஆகிவிட்டது. வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாதவர் அவர். பவ்யாவின் சொந்தக்காரர்கள் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான நந்திதுர்க் லைனுக்கு வந்து, ராஜப்பா வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனார்கள்.

நொறுங்கிய வேன் காயலான் கடைக்கு வந்ததும் டென்சில் முதல் ஆளாகப் போனான். ஸ்பேர் வேண்டும் என்று சொல்லி, பெட்டியைக் கழற்றிக்கொண்டான். பாலமாக வைத்த வயரைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தான். பெட்டியை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் கடை அலமாரியில் வைத்தான். ஏன் உடைத்துப் போடவில்லை என்று கேட்டேன். தெரியவில்லை என்றான்.

பதினைந்தாம் நாள் ராஜப்பாவின் சம்சாரம் ரத்தினம்மா கடைக்கு வந்தாள்.

"டென்சிலு, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லு. அந்தப் பொட்டி வேல செஞ்சுதா?"

"செஞ்சுதுக்கா."

"எண்பதத் தாண்டலியா?"

"தாண்டாதுக்கா."

"அப்போ எங்க ஊட்டுக்காரரு தூங்கித்தான் பூட்டாரா?"

"தெரிலக்கா."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். டென்சில் சால்டரிங் வேலையைத் தொடர்ந்தான். இதைச் சொல்லும்போது என் முகத்தை அவன் பார்க்கவில்லை.

அடுத்த வாரம், விபத்து நடந்து சரியாக மூன்று வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை. பங்காருப்பேட்டையில் வேறொரு வேன். அதே வேலை. ஆமாம், ரெண்டு பேர் செத்த பிறகும் அதே வேலைக்குத்தான் கிளம்பினான். அந்த வேன் ஆறு மணிக்குப் புறப்படும், அதற்குள் பாலத்தைப் போட வேண்டும்.

5.31. பாலகாட்டில் வண்டியை எடுத்தான். அவனுடையது பழைய ஆம்னி, சின்ன வேன். கார்புரேட்டர் எஞ்சின், ஆக்சிலரேட்டருக்குக் கேபிள். வோல்ட்டும் கிடையாது, கம்ப்யூட்டரும் கிடையாது. கவர்னர் மாட்ட நினைத்தாலும் மாட்ட வழியில்லாத வண்டி. உள்ளே அவனும் ஒரு டூல் பெட்டியும் மட்டும்தான்.

நல்ல பனி. ஹெட்லைட்டுக்கு முன்னால் ஐம்பதடிக்கு மேல் தெரியவில்லை.

5.36. முதல் வேகத்தடை. பின்னால் கர்ரென்று சைலன்சர் உரசியது. பின் சீட்டில் ஆட்கள் ஏறினால்தான் அந்த வண்டி அப்படி உரசும். ஸ்பிரிங் போய்விட்டது போல, பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

5.38.

டக்... டக்... டக்.

டேஷ்போர்டில் ஏதோ ஸ்க்ரூ லூஸாக ஆடுகிறது என்று நினைத்து, கையால் அழுத்திப் பார்த்தான். எதுவும் ஆடவில்லை.

நேரான ரோடு. மிதித்தான். முள் அறுபதுக்கு வந்தது. அங்கேயே நின்றது. இன்னும் மிதித்தான். அறுபதுதான்.

பெட்ரோல் அடைத்தால் வண்டி திக்கும். ஏர் ஃபில்டர் அடைத்தால் இருமும். இது திக்கவில்லை, இருமவில்லை. கால் கீழே போகிறது, வண்டி மட்டும் பதமாக, மரியாதையாக மறுக்கிறது. அந்த மறுப்பு டென்சிலுக்கு நன்றாகத் தெரியும். நூறு வண்டிகளில் அதை ஓட்டிப் பார்த்திருக்கிறான். ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கட் பண்ணியிருக்கிறான்.

அது கவர்னர் பிடிக்கிற பிடி.

இந்த வண்டியில்... எப்படி?

5.44.

டக்... டக்... டக்.

முள் இறங்கியது. ஐம்பத்தைந்து... ஐம்பது... நாற்பது. கால் பெடலில் முழுக்க இருந்தது. நாற்பதில் நின்றது.

பின்னால் ஏதாவது வண்டி வருகிறதா என்று உள் கண்ணாடியைப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. பின் கண்ணாடி முழுக்கப் பனித்திருந்தது. பக்கத்துக் கண்ணாடிகளும்.

வெளியே இல்லை. உள்பக்கம்.

ஒருத்தன் விடுகிற மூச்சுக்கு அவ்வளவு பனிக்காது.

திரும்பிப் பார்க்கவில்லை. ஏசப்பா, ஏசப்பா என்று வாய் முணுமுணுத்தது. ரேடியோவைப் போட்டான். போட்ட வேகத்தில் அணைத்துவிட்டான். பின்னால் சத்தம் ஏதாவது வந்தால் கேட்காமல் போய்விடுமே என்று பயம்.

5.49.

டக்... டக்... டக்.

இருபது.

தைலமர வாசனை வந்தது. இறக்கம் தொடங்கிவிட்டது. இறக்கத்தில் வண்டி தானாக ஓடும். ஓடவில்லை. அதே இருபது.

நியூட்ரல் போடப் பார்த்தான். கியர் வரவில்லை.

பிரேக்கைத் தொடவில்லை என்று சத்தியம் பண்ணுகிறான்.

பதினைந்து.

பத்து.

திருப்பம்.

உடைந்த தடுப்புச்சுவர். அதன் மேல் யாரோ போட்ட மாலை, காய்ந்து கிடந்தது.

வண்டி நின்றது.

கியர் இரண்டில் இருக்கிறது. கிளட்ச்சை மிதிக்கவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது. அப்படி எந்த வண்டியும் நிற்காது. அணைந்து போகும்.

அணையவில்லை.

வாட்சைப் பார்த்தான். 5.52.

டக்...

இந்த முறை டேஷ்போர்டில் இல்லை. ஸ்டியரிங்கில்.

டக்...

அவன் உள்ளங்கைக்குக் கீழே.

டக்.

"அண்ணே..." என்றான்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு வண்டி தானாக நகர்ந்தது. இருபதில். பங்காருப்பேட்டை வரும்வரை இருபதுதான். பஸ் ஸ்டாண்டு பின்புறம் போய்ச் சேர்ந்தபோது 6.10. அந்த வேன் போய்விட்டிருந்தது, கவர்னரோடு.

மத்தியானம் பக்கத்துக் கடை ரோனியிடம் சாவியைக் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னான். ரோனி பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தான்.

"எண்பத்தஞ்சு போவுது மச்சா. வண்டி ஜம்முனு கீது. ஆனா பின்னாடி இன்னா லோடு வச்சிருக்க? வேகத்தடையில உரசுது."

"ஒண்ணும் இல்லியே."

ரோனி கதவைத் திறந்து பார்த்தான். டூல் பெட்டி மட்டும்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் டென்சில் பிஸ்கட் டின்னைத் திறந்தான். பெட்டியில் பாதி அறுந்த வயர்கள் தொங்கின. பேட்டரி இல்லை, கரண்ட் இல்லை, மூன்று வாரமாக அலமாரியில் கிடந்தது. லேப்டாப்பில் மாட்டி நினைவைப் படித்தான். விபத்து நடந்த வியாழக்கிழமை இருந்தது. 5.50-க்கு 81. 5.51-க்கு 94. 5.52-க்கு 103. அப்புறம் பூஜ்யம்.

ராஜப்பா தூங்கவில்லை. அதற்குச் சாட்சி அந்தப் பெட்டி ஒன்றுதான். டென்சில் அழுதிருக்கிறான், ரொம்ப நேரம். இதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம், ஜெயில் என்றால் ஜெயில் என்று தீர்மானம் பண்ணிக்கொண்டான். லேப்டாப்பை மூடப் போனவன் கீழே இன்னும் நான்கு வரி இருப்பதைப் பார்த்தான்.

அன்றைய தேதி.

5.38-க்கு 60. 5.44-க்கு 40. 5.49-க்கு 20. 5.52-க்கு 0.

மறுநாள் அந்தப் பெட்டியோடு, ரிப்போர்ட் எழுதின அதிகாரியைத் தேடிப் போனான். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். பாலத்தைப் போட்டது நான்தான் சார் என்று கைகூப்பிச் சொன்னான். அதிகாரி கடைசி நான்கு வரிகளைப் பார்த்தார்.

"வண்டி காயலான் கடையில கிடக்குது. நேத்து வரைக்கும் ஓடியிருக்குனு காட்டுதே?"

"நேத்துதான் சார் அது..."

"தேதிய மாத்தத் தெரியாம மாத்தியிருக்க. உன் பாலம் எங்க?"

"பிச்சுப் போட்டுட்டேன் சார்."

"சீல் உடையலைனு நானே கையெழுத்துப் போட்டிருக்கேன். யாரு உன்னை அனுப்பினது, டிரைவர் ஊட்டுக்காரங்களா?"

பெட்டியை மேஜை மேல் தள்ளினார். இவனுடைய கெட்டிக்காரத்தனத்தை இவனே ஒப்புக்கொண்டாலும் நம்ப ஆள் இல்லை. ராஜப்பா அரசாங்கக் காகிதத்தில் இன்றுவரை உறங்கிக்கொண்டுதான் இருக்கிறார். எனக்கு வயிறு எரிகிறது. மனோகர் புது வேன் வாங்கிவிட்டார்.

அங்கிருந்து நேராக நந்திதுர்க் லைனுக்குப் போனான். ரத்தினம்மா கதவைப் பாதி திறந்து நின்று கேட்டாள். பாலம், மீட்டர், 103, எல்லாவற்றையும் சொன்னான். அவள் திட்டவில்லை, அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை என்றான் என்னிடம். வியாழக்கிழமை நடந்ததையும் சொன்னான். அப்போதுதான் அவள் முகம் மாறியது.

"எத்தினி தட்டு?"

"மூணுக்கா. ஒவ்வொரு வாட்டியும் மூணு."

"வண்டியில யாரு இருந்தாங்க?"

"யாரும் இல்லக்கா. நான் மட்டும்தான்."

அவள் அவனைத் தாண்டி, வெளியே நின்ற ஆம்னியைப் பார்த்தாள்.

"ஓட்றவனுக்கு அவரு தட்ட மாட்டாரு. பின்னாடி ஆள் ஏறி உக்காந்தாத்தான் தட்டுவாரு."

கதவைச் சாத்திக்கொண்டாள்.

டென்சில் கவர்னர் கட் பண்ணுவதை விட்டுவிட்டான். ஆம்னிக்கு இரண்டு முறை பின் ஸ்பிரிங் மாற்றினான். இன்னும் உரசுகிறது. விற்கப் பார்த்தான், ஓட்டிப் பார்க்க வருகிறவர்கள் முதல் வேகத்தடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

போன வாரம் மார்க்கெட்டில் என்னைப் பார்த்து, வாங்க, வீட்டில் இறக்கிவிடுகிறேன் என்றான். இடம் இருக்கிறதா என்று பேச்சுவாக்கில் கேட்டுவிட்டேன். அவன் பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தான். மத்தியானம் ஒரு மணி, மண்டையைப் பிளக்கிற வெயில். வண்டியைப் பார்த்தேன். பின் கண்ணாடி உள்பக்கமாகப் பனித்திருந்தது.

நான் நடந்தே வீட்டுக்குப் போனேன்.